துண்டு போட்ட நாற்காலி

2016 பிப்ரவரி 16-ஆம் தேதி வாஷிங்டனில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நாற்காலி ஒன்றின்மேல் கறுப்புக் கம்பளித் துணியைப் போர்த்தினார்கள். மூன்று நாள் முன்னால் டெக்ஸாஸில் ஒரு வேட்டை விடுதியில் இறந்து கிடந்த நீதிபதி ஆண்டனின் ஸ்கேலியா உட்கார்ந்த இடம். துக்கத்துக்காகத் துணி போர்த்துவது அந்த நீதிமன்றத்தின் பழைய வழக்கம் என்று செய்திகள் சொல்லின. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஊர் பஸ்ஸுக்கு நின்ற அனுபவம் உள்ள எவரிடமாவது அந்தப் படத்தைக் காட்டுங்கள். துக்கம் என்று சொல்லமாட்டார். ஜன்னல் வழியாக யாரோ துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள் என்பார்.

அவர் சொல்வதுதான் சரி. துண்டைப் போட்டவர் மிட்ச் மெக்கானல். கென்டக்கி மாநிலத்து செனட்டர், குடியரசுக் கட்சிக்காரர், அப்போது செனட்டின் பெரும்பான்மைத் தலைவர். ஸ்கேலியாவின் சாவு வெளியே தெரிந்த அன்றைக்கே அவருடைய அறிக்கை வந்துவிட்டது. அடுத்த நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் மக்களின் குரல் கேட்கப்பட வேண்டுமாம். ஆகவே புதிய அதிபர் வரும்வரை இடம் காலியாக இருக்கட்டுமாம். நம் ஊரில் வரப்புத் தகராறில் வெட்டிக்கொண்ட பங்காளிகள்கூடப் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சொத்துப் பேச்சை எடுக்கமாட்டார்கள். எடுத்தவனை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். செனட்டில் அப்படிப்பட்டவரைத் தலைவராக வைத்திருந்தார்கள்.

மக்களின் குரல் என்கிறாரே, அப்போதைய ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமாவை யார் தேர்ந்தெடுத்தார்கள்? 2012-இல் அதே மக்கள்தான் நான்கு ஆண்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். கடைசி பதினொரு மாதம் செல்லாது என்று வாக்குச்சீட்டில் எங்கே அச்சிட்டிருந்தது? கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

அரசியலமைப்பு சொல்வது சின்ன விஷயம். அதிபர் பெயர் சொல்வார். செனட் ஆலோசனையும் ஒப்புதலும் தரும். உட்கார்ந்தவர் ஆயுள் முழுக்க உட்காரலாம். ஒன்பது நாற்காலி, நவக்கிரகம் மாதிரி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஒன்பது பேர். ஆனால் நம் நவக்கிரகங்களுக்குப் பெயர்ச்சி உண்டு, அதற்குத் தேதியும் உண்டு. சனி பகவான்கூட இரண்டரை வருஷத்தில் வீட்டைக் காலி செய்துவிடுவார். கிளாரன்ஸ் தாமஸ் 1991-இல், 43 வயதில் வந்து உட்கார்ந்தவர். அங்கே பெயர்ச்சியைக் கணிக்கப் பஞ்சாங்கம் உதவாது, மருத்துவ அறிக்கைதான் வேண்டும். ஆகவே உலகின் மிகப் பெரிய வல்லரசு, ஒன்பது முதியவர்களின் இதயம், கணையம், இடுப்பெலும்பு இவற்றின் நிலவரத்தைப் பங்குச்சந்தை நிலவரம்போல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த மார்ச் மாதம் நமக்கும் கொஞ்சம் ஜுரம் அடித்தது. ஒபாமாவின் பரிசீலனைப் பட்டியலில் ஸ்ரீ ஸ்ரீநிவாசன் பெயர் இருந்தது. சண்டிகரில் பிறந்தவர், திருநெல்வேலிப் பக்கம் மேலத் திருவேங்கடநாதபுரம் பூர்வீகம். 2013-இல் அவரை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு எதிர் ஓட்டுகூட இல்லாமல் 97-க்குப் பூஜ்யம் என்று அனுப்பிவைத்தது இதே செனட்தான். தாமிரபரணித் தண்ணீரின் மகிமையைப் பற்றி எழுத நம் பத்திரிகைகள் பேனாவைத் திறந்து வைத்திருந்தன. பெயர் வரவில்லை. நல்லவேளை. வந்திருந்தால் நெல்லைச் சீமையின் மானம் 293 நாள் வாசலில் நின்றிருக்கும்.

நின்றவர் மெரிக் கார்லண்ட். அந்தப் பெயரை எடுத்துக்கொடுத்ததே எதிர்க்கட்சிதான் என்பது இந்தக் கூத்தின் ருசியான பகுதி. கார்லண்டைப் போன்ற நல்ல மனிதரை ஒபாமா எளிதாக நியமிக்கலாம், ஆனால் செய்யமாட்டார் என்று குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஆரின் ஹாட்ச் ஒரு பேட்டியில் அலுத்துக்கொண்டார். சில நாளில், மார்ச் 16 அன்று, ஒபாமா அதே நல்ல மனிதரை நியமித்தார். 63 வயது, இரு கட்சியும் மதித்த நிதானமான நீதிபதி. ஹாட்ச் என்ன செய்தார்? மனிதர் நல்லவர்தான், நேரம்தான் நல்லதில்லை என்றார். ராகு காலம் பதினொரு மாதம் நீளும் என்று எந்த ஜோசியரும் இதுவரை சொன்னதில்லை.

செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் சக் கிராஸ்லி இன்னும் பண்பானவர். கார்லண்டை அழைத்துக் காலைச் சிற்றுண்டியில் உட்காரவைத்தார். விசாரணை கிடையாது, ஓட்டெடுப்பும் கிடையாது என்பதை அந்த மேசையிலேயே விளக்கினார். பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சாப்பாடு அடுத்த ஆட்சியில் என்று சொல்லி அனுப்புவதற்கு ஒரு தனி நாகரிகம் வேண்டும். 1916-இல் லூயிஸ் பிராண்டைஸை 125 நாள் காக்கவைத்தார்கள். நூறு வருஷம் அதுதான் சாதனையாக இருந்தது. அவரையாவது கடைசியில் உட்காரவைத்தார்கள். கார்லண்டை யாரும் தோற்கடிக்கவில்லை. எதிர்த்து ஒரு ஓட்டு விழவில்லை. கேள்வி கேட்கவில்லை. 2017 ஜனவரி 3-ஆம் தேதி, கெடு தாண்டிய மாத்திரை அட்டை மாதிரி அவருடைய நியமனம் காலாவதியானது.

இடையில் இன்னொரு வேடிக்கை. தேர்தல் நெருங்க, ஹிலாரி கிளிண்டன் ஜெயித்துவிடுவார் என்று தோன்றியது. மக்கள் குரலுக்குக் காத்திருந்தவர்களுக்கு மக்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று பயம் வந்தது. உடனே குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ், ஒன்பதைவிடக் குறைந்த நீதிபதிகளோடு நீதிமன்றம் நடந்ததற்கு வரலாற்றில் முன்னுதாரணம் உண்டு என்று கண்டுபிடித்தார். அது உண்மைதான். அந்த நீதிமன்றம் ஆறு பேரோடு தொடங்கியது. பத்துப் பேர்வரை போய், 1869-இல் ஒன்பதில் நின்றது. எண்ணிக்கை அரசியலமைப்பில் இல்லை. ஆனால் அந்தச் சரித்திர ஞானம் குரூஸுக்கு ஹிலாரி ஜெயிக்கலாம் என்ற வாரத்தில் பிறந்து, தோற்ற ராத்திரியே மறைந்தது.

டிரம்ப் வந்தார். நாடு முழுக்க எதிராளியைவிட இருபத்தெட்டு லட்சம் ஓட்டுக் குறைவாக வாங்கி வந்தார் என்பது சட்டப்படி ஒரு பொருட்டே இல்லை. நீல் கோர்சச்சை நியமித்தார். அவருக்காக நீதித்துறை நெருக்கடி என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் அமைப்பு ஒரு கோடி டாலருக்கு விளம்பரத் திட்டம் அறிவித்தது. பணம் கொடுத்தவர் யார் என்று சொல்லவில்லை. சோப்பு விற்கிறவன்கூட டப்பாவில் கம்பெனி பெயரைப் போட்டாக வேண்டும். ஜனநாயகக் கட்சியினர் விவாதத்தை முடிக்கவிடாமல் தடுத்தார்கள். அதை உடைக்க 60 ஓட்டு வேண்டும். மெக்கானல் 2017 ஏப்ரல் 6-ஆம் தேதி அந்த விதியைச் சாதாரணப் பெரும்பான்மையாக மாற்றினார். மறுநாள் 54-க்கு 45. கோர்சச் உட்கார்ந்தார். துண்டு எடுக்கப்பட்டது.

2019 மே மாதம் கென்டக்கியில் ஒரு கூட்டத்தில் மெக்கானலிடம் ஒருவர் கேட்டார்: அடுத்த வருஷம், தேர்தல் ஆண்டில், ஒரு நீதிபதி இறந்தால் என்ன செய்வீர்கள்? மெக்கானல் புன்னகைத்தார். நிரப்பிவிடுவோம் என்றார். கூட்டம் சிரித்தது. திருடன் தன் சாமர்த்தியத்தைத் திண்ணையில் சொல்லி ரசிப்பது கதைகளில் உண்டு; பறிகொடுத்தவனும் எதிரே உட்கார்ந்து கேட்க, டிவியில் காட்டியது இங்கேதான்.

2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். 87 வயது, நெடுநாள் புற்றுநோய். புதிய அதிபர் பதவியேற்கும்வரை தன் இடத்தை நிரப்ப வேண்டாம் என்பதே தன் தீவிர விருப்பம் என்று கடைசி நாட்களில் பேத்தியிடம் சொல்லி எழுதவைத்திருந்தார். தேர்தலுக்கு ஆறரை வாரம் இருந்தது. மறுபடியும் நாற்காலிக்குக் கறுப்புத் துணி. மறுபடியும் மெக்கானலின் அறிக்கை, அன்று ராத்திரியே. இந்த முறை மக்களின் குரலுக்கு ஓய்வு. டிரம்ப் நியமிப்பவருக்கு ஓட்டெடுப்பு நடக்கும் என்றார். அதிபரும் செனட்டும் வெவ்வேறு கட்சியாக இருந்தால்தான் மக்கள் பேசலாம் என்று 2016 விதிக்கு ஒரு பொழிப்புரை வந்தது. மூலத்தைவிட உரை நீளம். டிரம்போ, அந்தக் கடைசி விருப்பம் எதிர்க்கட்சித் தலைவர்கள் எழுதியதாக இருக்கலாம் என்று டிவியில் சொன்னார். செத்துப்போன கிழவி பேத்தியிடம் சொன்ன வார்த்தை அது. அதற்கும் அத்தாட்சி கேட்கிறவனுக்கு எந்த மொழியில் என்ன பெயர் என்று தெரிந்துதான் எழுதாமல் விடுகிறேன்.

தேதிகளை மட்டும் சொல்கிறேன். செப்டம்பர் 26 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் நாற்காலி வரிசை, கைகுலுக்கல், கட்டிப்பிடித்தல், ஏமி கோனி பேரட் பெயர் அறிவிப்பு. கின்ஸ்பர்க்கை ஆர்லிங்டனில் அடக்கம் செய்தது செப்டம்பர் 29. பிணம் மண்ணுக்குள் போக மூன்று நாள் இருக்கையில் இங்கே நிச்சயதார்த்தம். அந்தத் தோட்டத்தில் முகக்கவசம் போட்டவர்கள் சொற்பம். அடுத்த ஒரு வாரத்துக்குள் அதிபர் உட்பட வந்திருந்த பலருக்குக் கொரோனா. நீதித்துறைக் குழுவிலிருந்த இரண்டு செனட்டர்களுக்கும். நாட்டில் இரண்டு லட்சம் பேருக்குமேல் செத்திருந்த நேரம். வேலை போனவர்களுக்கான நிவாரண மசோதா இழுபறியில் கிடந்தது. அதற்குச் செனட்டுக்கு நேரமில்லை, இதற்கு இருந்தது. அக்டோபர் 26 அன்று 52-க்கு 48 என்று பேரட்டை உட்காரவைத்துவிட்டு, தேர்தல் முடியும்வரை சபையை மூடிவிட்டு ஊருக்குப் போனார்கள். கார்லண்டுக்கு 293 நாள் போதவில்லை. பேரட்டுக்கு 30 நாள். அன்றைக்குச் சுமார் ஆறு கோடிப் பேர் முன்கூட்டியே ஓட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். மக்களின் குரல் ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது. அது கேட்டுவிடுமோ என்றுதான் அந்த ஓட்டம்.

பேரட்டின் விசாரணைக்குத் தலைமை வகித்தவர் தென் கரோலைனா செனட்டர் லிண்ட்சி கிரஹாம். 2016-இல் இவர், முதல் பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் ஒரு குடியரசுக் கட்சி அதிபருக்கு இப்படி வாய்ப்பு வந்தாலும் அடுத்த அதிபருக்கே விடுவோம், என் சொல்லை எனக்கு எதிராகவே பயன்படுத்துங்கள் என்று அடித்துச் சொன்னவர். பயன்படுத்தினார்கள். தென் கரோலைனா முழுக்க அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். கிரஹாம் நவம்பரில் சுலபமாக ஜெயித்தார். ஆக, வெட்கம் அவரிடம் மட்டுமே இல்லாமல் இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது.

விசாரணை என்ற சடங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மிடையே பெண் பார்க்கும் வைபவம் என்று ஒன்று இருந்ததே, அதேதான். ஜாதகம் முன்பே பார்த்தாயிற்று. அதில் முக்கியம் ஆயுள் ஸ்தானம். கோர்சச்சுக்கு 49, இடையில் டிரம்ப் நியமித்த கேவனாவுக்கு 53, பேரட்டுக்கு 48. சட்டம் எவ்வளவு தெரியும் என்பதற்கு அடுத்த கேள்வி, அப்பா எத்தனை வயதுவரை இருந்தார் என்பதாகத்தான் இருக்கும். பிறகு கூடத்தில் உட்காரவைப்பார்கள். ஒரு பக்கம் பூரிக்கும், மறு பக்கம் முறைக்கும். கருக்கலைப்பு உரிமை பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வழக்கு வரலாம், சொல்லக்கூடாது. துப்பாக்கி? வரலாம். அதிபரின் அதிகாரம்? அதுவும் வரலாம். வராத வழக்கு பற்றிக் கேளுங்களேன் என்றால், வராத வழக்கைப் பற்றிப் பேசுவது அழகல்ல. பேரட் குறிப்பே இல்லாமல் பதில் சொல்வதைப் பார்த்து வியந்த ஒரு செனட்டர், உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் தூக்கிக் காட்டினார். வெறும் வெள்ளைத் தாள். கட்சிக்காரர்கள் அதை ஞானத்தின் அடையாளமாகக் கொண்டாடினார்கள். அந்தச் சடங்கின் முழு விவரமும் அந்தத் தாளில் இருந்தது.

எலினா கேகன் 1995-இல் பேராசிரியையாக இருந்தபோது, இந்த விசாரணைகள் சாரமற்ற வெற்று நாடகம் என்று கட்டுரை எழுதினார். 2010-இல் அவரே அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். வெற்று நாடகத்தைச் சிரித்த முகத்தோடு, வசனம் பிசகாமல் நடித்துக் கொடுத்து நீதிபதியானார். அவர் ஜனநாயகக் கட்சி அதிபர் நியமித்தவர். சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் சாய்கிறேன் என்பார்கள்.

சாய்வதாகவே இருக்கட்டும். ஆனால் ஜனநாயகக் கட்சிப் பக்கத்துத் துண்டுகளையும் எண்ணிவிடலாம். 1987-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ராபர்ட் போர்க்கின் பெயர் வந்து ஒரு மணி நேரம் ஆகுமுன் டெட் கென்னடி செனட்டில் எழுந்து, போர்க்கின் அமெரிக்காவில் பெண்கள் சந்துகளில் கருக்கலைக்க வேண்டியிருக்கும், கறுப்பர்கள் தனி மேசையில் சாப்பிட வேண்டியிருக்கும் என்று முழங்கினார். 58 பேர் எதிர்க்கப் போர்க் தோற்றார். அவர் பெயரே ஒரு வினைச்சொல்லாகி அகராதி ஏறியது. 1991-இல் தாமஸ்மீது பாலியல் தொல்லைப் புகாரோடு வந்த அனிடா ஹில்லைப் பதினான்கு ஆண்கள் உட்கார்ந்து குடைந்தார்கள். தலைமை ஜோ பைடன். 1992-இல் அதே பைடன், தேர்தல் கோடையில் இடம் காலியானால் அதிபர் புஷ் பொறுத்திருக்க வேண்டும் என்று பேசிவைத்தார். காலியாகவில்லை, பேச்சு மட்டும் நின்றது. இருபத்து நான்கு வருஷம் கழித்து மெக்கானல் அதைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, 'பைடன் விதி' என்று பெயர் வைத்து ஒபாமா முகத்தில் வீசினார். நீதிபதி அலிட்டோவின் நியமனத்தைத் தடுக்க 2006-இல் ஓட்டுப் போட்டவர்களில் செனட்டர் ஒபாமாவும் ஒருவர். கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு 60 ஓட்டு விதியை 2013 நவம்பரில் முதலில் உடைத்தவர் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட். நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் இதற்காக வருந்துவீர்கள் என்று மெக்கானல் அப்போதே எச்சரித்தார். வாக்குத் தவறாதவர் என்று அவரைப் புகழ இந்த ஒரு சம்பவம் போதும்.

இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று கைகழுவிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒருவன் வரிசையில் முண்டியடித்தான். இன்னொருவன் வரிசையே இல்லை என்று கதவைச் சாத்தினான். போர்க்குக்கு ஓட்டெடுப்பாவது நடந்தது.

இத்தனைக்கும் இது சமீபத்து வியாதி. 1986-இல் பழமைவாதச் சிங்கம் ஸ்கேலியாவுக்கு 98-0. 1993-இல் முற்போக்குச் சிங்கம் கின்ஸ்பர்க்குக்கு 96-3. இருவரும் தீர்ப்பில் கடித்துக்கொள்வார்கள், ஓபரா பார்க்கச் சேர்ந்து போவார்கள். இரண்டு பேருடைய நாற்காலிக்கும்தான் பிறகு இப்படிக் கைகலப்பானது. இப்போது ஸ்கோர் 50-48, 52-48, 53-47. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2005-இல் தன் விசாரணையில், நீதிபதி என்பவர் ஆட்டத்தின் நடுவர் மாதிரி, பந்தைப் பார்த்துச் சொல்வதே வேலை என்றார். ஐயா சொல்வது எங்களுக்கும் புரியும். எங்கள் தெருவில் பேட்டிங் செய்கிற பக்கத்து ஆள்தான் அம்பயர். அவுட் என்று ஒருநாளும் கை தூக்கியதில்லை.

தெருவில் ஆட்டம் சண்டையில் முடிந்தால் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அங்கே போக முடியாது. 2022 ஜூன் 24 அன்று, 49 வருஷமாக இருந்த கருக்கலைப்பு உரிமையை நீதிமன்றம் எடுத்துவிட்டது. தேர்தலில் குறைந்த ஓட்டு வாங்கிய அதிபர் நியமித்த மூன்று பேரும் பெரும்பான்மையில். விசாரணையில், அந்த உரிமையைத் தந்த பழைய தீர்ப்பை முன்னுதாரணம் என்று மரியாதையோடு உச்சரித்தவர்கள்தான். கேவனாவை நம்பி ஓட்டுப் போட்ட செனட்டர் சூசன் காலின்ஸ், தன்னிடம் சொன்னதற்கும் தீர்ப்புக்கும் பொருத்தமில்லை என்று வருத்தப்பட்டார். பெண் பார்க்க வந்தபோது பாடத் தெரியும் என்றார்களே என்பது போல. பதின்மூன்று மாநிலங்களில் தீர்ப்பு வந்தால் தானாக உயிர்பெறும்படி தடைச் சட்டங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பெண், வயிற்றில் வளராத கருவோடும் இறங்காத காய்ச்சலோடும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள். உள்ளே டாக்டர் வக்கீலுக்கு போன் போடுகிறார். அவளுக்கு மெக்கானல் யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 2016 பிப்ரவரியில் போட்ட துண்டு அவள் கழுத்துவரை நீண்டு வந்திருக்கிறது.

அந்த ஜூன் மாதத் தீர்ப்பில் மறுத்து எழுதிய மூவரில் ஒருவர் ஸ்டீபன் பிரெயர், 83 வயது. முந்தைய வருஷம் அவரை எழுப்ப அவர் பக்கத்து ஆட்களே வழி தேடினார்கள். கின்ஸ்பர்க் ஒபாமா காலத்திலேயே எழுந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்ற ஆற்றாமை. 'பிரெயர், ஓய்வு பெறுங்கள்' என்று எழுதிய ஒரு லாரியை உச்ச நீதிமன்றத்தைச் சுற்றி ஓட்டினார்கள். கோயில் தேர் மாதிரி வலம் வந்தது அது. 2022 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில் ஒரு நிபந்தனை: கோடையில் ஓய்வு பெறுகிறேன், அதற்குள் என் இடத்துக்கு வருபவரை நியமித்து ஒப்புதலும் தந்திருந்தால். 28 வருஷம் நீதி சொன்னவருக்கே, எழுந்த மறு நொடி யார் உட்காருவார்கள் என்ற நம்பிக்கை இல்லை. அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்ட கெட்டன்ஜி பிரவுன் ஜாக்சனுக்கு ஏப்ரல் 7-ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது. டிக்கெட் கையில், உட்கார இடமில்லாமல் 84 நாள் நின்றார். ஜூன் 30 நண்பகலில் பிரெயர் எழுந்தார், ஜாக்சன் உட்கார்ந்தார். துணி போர்த்த இடைவெளியே இல்லை.